ஒற்றை வாய்த் தொட்டி

வன்னியராஜ்: ...இல்ல டீச்சர், எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. ஹீட்டரு இன்னும் அட்டப்பெட்டியிலயே கெடக்கு. பெறகு தண்ணி எப்பிடிச் சுடுது?

சாரம்மாள்: அடுப்புல வச்சு ஊத்தினேன்.

வன்னியராஜ்: தொட்டி பூராவுமா? நாலு பேரு உக்காந்து குளிக்குத தொட்டி, ஆயிரம் லிட்டர் பிடிக்குமே இது.

சாரம்மாள்: காலையில நாலு மணிக்கு எந்திரிச்சேன். ரெண்டு அடுப்பு, ரெண்டு அண்டா... இடுப்பு கழண்டு போச்சு. எத்தன டிகிரி இருக்குன்னு பாரு தம்பி.

வன்னியராஜ்: முப்பத்தெட்டு... முப்பத்தொம்பது. நாளைக்கி வரைக்கும் பொறுத்திருந்தா நான் ஹீட்டர மாட்டிக் குடுத்திருப்பேம்லா.

சாரம்மாள்: பொறுக்க முடியாது. இன்னைக்கித்தான் வேணும். எம்மவளுக்கு.

வன்னியராஜ்: மக வாறாவளா? எங்க இருந்து?

சாரம்மாள்: மெட்ராஸ்ல வேலை. மணி என்ன ஆச்சு?

வன்னியராஜ்: ஒண்ணு ஆகப் போவுது.

சாரம்மாள்: ஒண்ணே காலுக்குள்ள எல்லாம் சரியா இருக்கணும்.

வன்னியராஜ்: அதென்ன டீச்சர், சொல்லி வச்ச மாதிரி ஒண்ணே கால்? பஸ்ஸா, ரயிலா?

சாரம்மாள்: மோட்டார ஓட விட்டுப் பாப்பமா?

வன்னியராஜ்: பாக்கலாம். சுவிட்ச் எங்கன? தொட்டி பக்கத்துல ஒண்ணையும் காணோமே.

சாரம்மாள்: அடுக்களைக்கு அங்கிட்டு, ஸ்டோர் ரூம்ல. நீ இங்கனயே நில்லு, நான் போய்ப் போடுதேன்.

வன்னியராஜ்: அம்புட்டுத் தூரத்துலயா? யாரு டீச்சர் வயரிங் பண்ணது? கோட்டிக்காரப் பயலா இருப்பான் போல.

சாரம்மாள்: நான் சொன்ன எடத்துலதான் வச்சான்... போட்டாச்சு. ஓடுதா?

வன்னியராஜ்: ஓடுது, ஓடுது. அடேயப்பா, ஜெட்டு ஓட்டையில தண்ணி இந்த வேகத்துல பீச்சி அடிக்கி... ஏன் டீச்சர், ஸ்டோர் ரூமப் பூட்டிட்டா வாறிய?

சாரம்மாள்: பழக்கம்.

வன்னியராஜ்: இதென்ன, தண்ணி மேல எண்ணெ மிதக்கு?

சாரம்மாள்: நேத்து தலைக்கு எண்ணெ தேச்சு இதுலதான் குளிச்சேன். இன்னைக்கும் தேச்சிருக்கேன்.

வன்னியராஜ்: போச்சு. இந்த ஊர் ஆளுகளுக்கு இதச் சொல்லி மாளாது. வெளிநாட்டுக்காரன் குளிச்சு முடிச்சிட்டுத்தான் இதுல எறங்குவான். நம்மாளு எண்ணெயத் தேச்சுட்டு எறங்குவான். குத்தாலத்து அருவின்னு நெனப்பு. ஒரு அம்மா சீயக்காய்க் கிண்ணத்தோட வந்து எறங்கினாவ, கேட்டியளா...

சாரம்மாள்: எங்க?

வன்னியராஜ்: என்ன எங்க?

சாரம்மாள்: எந்த ஊர்ல எறங்கினாவ, அந்த அம்மா?

வன்னியராஜ்: அது... எவனோ சொன்னான். நான் பாக்கல.

சாரம்மாள்: சரி. ஒங்கார்டுல என்ன போட்டிருக்கு, வாசி.

வன்னியராஜ்: எங்கார்டுதான...

சாரம்மாள்: வாசி தம்பி. முப்பது வருசம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள வாசிக்கச் சொல்லியே பழகிட்டேன்.

வன்னியராஜ்: 'வன்னியராஜ். வீட்டு உபயோகச் சுடுதண்ணீர்த் தொட்டிகள் மட்டும். பொருத்துதல், சர்வீஸ். திருநெல்வேலி.' சரியா வாசிச்சிட்டனா?

சாரம்மாள்: 'மட்டும்' எதுக்கு?

வன்னியராஜ்: ஓட்டல், ரிசார்ட் வேலையெல்லாம் எடுக்கது இல்ல.

சாரம்மாள்: ஏன், அது வேற தொட்டியா? அங்கனயும் தண்ணி சுடும், நுரைக்கும், ஆளு காலை நீட்டி உக்காருவான். அம்புட்டுத்தான?

வன்னியராஜ்: பாக்கதுக்கு அப்பிடித்தான் இருக்கும். உள்ள பூரா வேற.

சாரம்மாள்: என்ன வேற? சொல்லு. இன்னைக்கி நீ வாத்தியாரு, நான் பிள்ளை.

வன்னியராஜ்: கேலி பண்ணாதிய டீச்சர்... வீட்டுத் தொட்டியில யாரு எறங்குவா? நீங்க, ஒங்க மக, மிஞ்சிப் போனா மாப்பிள்ளை. வாரத்துல ரெண்டு நாளு. மத்த நேரம் மூடி போட்டு வச்சிருப்பிய. ரிசார்ட்ல காலையில இருந்து சாயந்தரம் வரைக்கும் ஆளு மாறி ஆளு எறங்கிட்டே இருப்பான். அவன் அழுக்கு, வேர்வை, எண்ணெ எல்லாம் அதுக்குள்ளதான். அதனால அங்கன பில்டரு ஆள் ஒசரத்துக்கு இருக்கணும். அர மணிக்கு ஒருக்க மொத்தத் தண்ணியும் அது வழியா போய்ச் சுத்தமாகி வரணும். வீட்டுத் தொட்டியில பில்டரு இந்தா, என் முழங்கை தண்டிதான். பையப் பையச் சுத்தம் பண்ணும், போதும்.

சாரம்மாள்: மருந்து?

வன்னியராஜ்: குளோரினா? வீட்ல நீங்களே ஒரு வில்லையப் போட்டுக்கிடுவிய. அங்கன அதுக்குன்னு ஒரு மிசினு சொட்டுச் சொட்டா விட்டுக்கிட்டே இருக்கணும். மணிக்கு ஒருக்க ஒரு ஆளு தண்ணியச் சோதிச்சு எழுதி வைக்கணும்.

சாரம்மாள்: ம்... அப்புறம்?

வன்னியராஜ்: டைமரு. பதினஞ்சு நிமிசத்துல ஜெட்டு தானா நின்னுரும். திருப்பிப் போடணும்னா தொட்டிய விட்டு எந்திரிச்சு நடந்துதான் போகணும். எட்டிப் போட முடியாது. அப்பந்தான் வெளிய வருவான், சூட்டுல மயங்கிக் கெடக்க மாட்டான்.

சாரம்மாள்: அப்புறம்?

வன்னியராஜ்: அம்புட்டுத்தான் டீச்சர்.

சாரம்மாள்: ரெண்டு விட்டுட்ட.

வன்னியராஜ்: என்ன ரெண்டு?

சாரம்மாள்: செவப்பு பட்டன். ஆபத்துன்னா ஒரே அமுக்குல மோட்டார நிறுத்தணும், கண்ணுக்கு எதுக்க, கைக்கு எட்டுத எடத்துல. ரிசார்ட் தொட்டிக்குக் கட்டாயம். ஒண்ணு ஆச்சா... இன்னொண்ணு நீ சொல்லு.

வன்னியராஜ்: எல்லாந் தெரிஞ்சு வச்சுக்கிட்டு எங்கிட்ட எதுக்குக் கேக்கிய?

சாரம்மாள்: பிள்ளைக்குத் தெரியுதான்னு பாக்கத்தான் கேள்வியே. சொல்லு.

வன்னியராஜ்: ...வாயி.

சாரம்மாள்: சத்தமா.

வன்னியராஜ்: உறிஞ்சுத வாயி டீச்சர். தொட்டிக்கு அடியில இருக்கும். மோட்டாரு அது வழியாத்தான் தண்ணிய இழுத்து ஜெட்டுல பீச்சும். ரிசார்ட் தொட்டியில அந்த வாயி ரெண்டு இருக்கணும், தள்ளித் தள்ளி. ஒண்ணுல காலோ துணியோ போய் அடச்சாலும் இன்னொண்ணு வழியாத் தண்ணி போயிரும், பிடிச்சு வைக்காது.

சாரம்மாள்: ஒத்த வாயா இருந்தா?

வன்னியராஜ்: மொத்த இழுப்பும் அந்த ஒண்ணுல வந்துரும்.

சாரம்மாள்: இந்தத் தொட்டிக்கு எத்தன வாயி?

வன்னியராஜ்: ஒண்ணுதான். நல்ல கம்பெனிக்காரன் வீட்டுத் தொட்டிக்கும் ரெண்டு வச்சுருவான். இது மட்டச் சரக்கு. என்னயக் கேட்டு வாங்கியிருக்கலாம் டீச்சர்.

சாரம்மாள்: தேடித்தான் வாங்கினேன். இதே மாடலு வேணும்னு அஞ்சு மாசம் தேடினேன்... எம்மவளுக்கு முடி இடுப்புக்குக் கீழ இருக்கும் தம்பி. அவுத்து விட்டா ஊரே பாக்கும். அவ இதுல உக்காந்தா பயமில்லையே?

வன்னியராஜ்: கொண்டை போட்டுக்கிடச் சொல்லுங்க.

சாரம்மாள்: பயமில்லன்னு நீ சொல்லு. நான் நம்புதேன்.

வன்னியராஜ்: வாயி மேல கிண்ணத்தக் கவுத்த மாதிரி ஒரு மூடி இருக்கும். பூராச் சின்னச் சின்ன ஓட்டை. அது சரியா இருந்துச்சுன்னா முடி போனாலும் உள்ள சுத்தாது, உருவிக்கிட்டு வந்துரும். அது இருக்க வரைக்கும் பயமில்ல.

சாரம்மாள்: அந்த ஓட்டையில எண்ணெ அடைக்காதா?

வன்னியராஜ்: அடைக்கும். வாரம் ஒருக்கக் கழட்டிக் கழுவணும்.

சாரம்மாள்: தெனமும் அடச்சா? நுரை கொறையுதேன்னு வாற ஆளெல்லாம் தெனமும் சத்தம் போட்டா என்ன பண்ணுவ?

வன்னியராஜ்: வீட்ல எதுக்கு டீச்சர் தெனமும் அடைக்கப் போவுது...

சாரம்மாள்: பாத்திரம் கழுவுத சிங்க்ல வட்டமா ஒரு ஜாலி போடுவாவளே, பெரிய பெரிய ஓட்டையா... அத மாட்டிட்டா?

வன்னியராஜ்: ...அத யாரு சொன்னா ஒங்ககிட்ட?

சாரம்மாள்: கேக்கேன். மாட்டலாமா?

வன்னியராஜ்: மாட்டக் கூடாது. எக்காரணத்தக் கொண்டும் மாட்டக் கூடாது. அது வேற ஒண்ணு, இது வேற ஒண்ணு. முடி உள்ள போச்சுன்னா அந்தக் கம்பியில சுத்தி... டீச்சர், குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?

சாரம்மாள்: நடு ரூம்ல பானை இருக்கு. மோந்து குடி. இந்த நுரைச் சத்தத்துல நீ கூப்புட்டாலும் எனக்குக் கேக்கும், பயப்படாத.

வன்னியராஜ்: எனக்கென்ன பயம்... கட்டில்ல எதுக்கு டீச்சர் இம்புட்டுத் துணி எடுத்து வச்சிருக்கிய?

சாரம்மாள்: அவளுக்குத்தான். துண்டு, பாவாடை, மஞ்சச் சுடிதாரு. சீப்பு இருக்கா பாரு, பக்கத்துல.

வன்னியராஜ்: இருக்கு. ...டீச்சர்.

சாரம்மாள்: என்ன?

வன்னியராஜ்: செவுத்துல இந்தப் போட்டோ...

சாரம்மாள்: எம்மவதான். ரீபா.

வன்னியராஜ்: கீழ ரெண்டு தேதி போட்டிருக்கு.

சாரம்மாள்: ஆமா.

வன்னியராஜ்: ரெண்டாவது தேதி... ஆகஸ்ட் இருவத்தி மூணு.

சாரம்மாள்: இன்னைக்கி என்ன தேதி தம்பி?

வன்னியராஜ்: இருவத்தி மூணு. டீச்சர், நான் சாமான எடுத்துக்கிட்டுக் கெளம்புதேன். எனக்கு மேலுக்கு ஒரு மாதிரி இருக்கு.

சாரம்மாள்: கெளம்பு. வாசக் கதவு தொறந்துதான் கெடக்கு. ஒன்னயக் கெட்டிப் போட்டா வச்சிருக்கேன்?

வன்னியராஜ்: நீங்க... நீங்க எதுக்குத் தொட்டிக்குள்ள எறங்குதிய?

சாரம்மாள்: எந்தொட்டி. எறங்குதேன்.

வன்னியராஜ்: சேலையோடயா? டீச்சர், கொண்டைய ஏன் அவுக்கிய?

சாரம்மாள்: அவளுக்கு இந்த முடி என் வழியா வந்ததுதான். நரைச்சிட்டே தவிர நீளம் கொறையல, பாத்தியா. நல்ல சூடா இருக்கு தண்ணி... அவளுக்கும் இப்பிடித்தான் இருந்திருக்கும், என்ன?

வன்னியராஜ்: முடிய மேல தூக்கிக் கெட்டுங்க. கெட்டுங்க டீச்சர்.

சாரம்மாள்: எதுக்கு? மூடிதான் இருக்கே. சின்னச் சின்ன ஓட்டை.

வன்னியராஜ்: இருக்கா... நான் இன்னும் பாக்கல. நுரையில தெரியல. இழுப்பு ரொம்பக் கூட இருக்கு, அதான் அப்பமே எனக்கு...

சாரம்மாள்: மூடி இல்ல. கழட்டியாச்சு. சிங்க் ஜாலிதான் மாட்டியிருக்கு. மாட்டினது யாருன்னு கேளேன். அம்பாசமுத்திரம் பிளம்பர் பூதத்தான்.

வன்னியராஜ்: பூதத்தானா...

சாரம்மாள்: மூணு வருசத்துக்கு முந்தி ஒனக்கு ஜாலி வாங்கிக் குடுத்த அதே பூதத்தான். அதே கடை, அதே அளவு. வாங்கிக் குடுத்தது மட்டுந்தான் அவனுக்குத் தெரியும். அத நீ எங்க கொண்டு மாட்டினன்னு அவனுக்குத் தெரியாது. அங்கனயே நில்லு.

வன்னியராஜ்: வெளிய வாங்க டீச்சர். கையெடுத்துக் கும்பிடுதேன்.

சாரம்மாள்: அங்கனயே நில்லுன்னேன். நீ நிக்க எடத்துல இருந்து இங்கன வர ஆறு எட்டு. எம்முடி உள்ள போக எம்புட்டு நேரம் ஆகும்னு என்னய விட ஒனக்கு நல்லாத் தெரியும்.

வன்னியராஜ்: சுவிட்ச்... சாவி எங்க?

சாரம்மாள்: எங்கையில. தண்ணிக்குள்ள. அன்னைக்கும் சாவி தண்ணிக்குள்ளதான இருந்துச்சு? மலையடிவாரத்து ரிசார்ட். கூட வேலை பாக்குத பிள்ளைக்கு அம்பாசமுத்திரத்துல கல்யாணம்னு நாலு பிள்ளைகளா வந்தாளுக. காலையில எண்ணெ தேச்சு விட்டிருக்காவ. மத்தியானம் ஒண்ணே காலுக்கு எம்மவ தொட்டியில உக்காரப் போனா. கத்திக் கூப்பாடு போட்டது முஃபீதான்னு அவ கூட்டாளி. மோட்டார நிறுத்தச் சொல்லி ஓடினா, சுவிட்ச் இருக்க ஜெனரேட்டர் ரூம் பூட்டிக் கெடந்திருக்கு. பெறகு ஈரத் துண்டோட ஒரு ஆளு ஓடியாந்து கத்தியால முடிய வெட்டினாராம். அதுக்கப்புறம் அந்த ஆள அந்தப் பக்கமே காணோமாம். முஃபீதா சொன்ன அடையாளத்த வச்சு ஒன்னயத் தேட எனக்கு மூணு வருசம் ஆச்சு வன்னியராஜ்.

வன்னியராஜ்: நான் அங்கன வெறும் மெயின்டனன்ஸ்தான் டீச்சர். அந்தத் தொட்டிய நான் வாங்கல. வீட்டுத் தொட்டி, நாலு பேருக்கு மேல தாங்காதுன்னு மேனேஜர்ட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன். பாக்க ஒண்ணு போலதான இருக்கு, போடுலன்னுட்டாரு...

சாரம்மாள்: அத நான் கேக்கல.

வன்னியராஜ்: பெறகு என்ன கேக்கிய?

சாரம்மாள்: போலீஸு வந்து பாக்கும்போது அந்த வாயில நல்ல மூடி இருந்துச்சு. இதுல முடி மாட்டவே மாட்டாது, பிள்ளை மொதல்ல மயங்கித் தண்ணிக்குள்ள போயிருக்கு, அதுக்கப்புறந்தான் முடி சிக்கியிருக்குன்னாவ. மேனேஜரும் அதத்தான் சொன்னாரு. டாக்டரும் அதத்தான் சொன்னாரு. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். மொதல்ல மயங்கினாளா, மொதல்ல இழுத்துச்சா?

வன்னியராஜ்: எனக்குத் தெரியாது டீச்சர். நான் வரும்போது...

சாரம்மாள்: சரி.

வன்னியராஜ்: டீச்சர், குனியாதிய. டீச்சர். சொல்லுதேன். தலைய மேல தூக்குங்க, நான் சொல்லுதேன்.

சாரம்மாள்: தூக்கிட்டேன். நுனி மட்டும் லேசா இழுக்கு. சொல்லு.

வன்னியராஜ்: ஜாலிய மாட்டினது நாந்தான். மூடி தெனமும் எண்ணெ அடச்சு நுரை வரலன்னு ஆளுக சண்டை. மேனேஜர் என்னயப் போட்டு ஏசுவாரு. பூதத்தான விட்டு வாங்கியாரச் சொல்லி நாந்தான் மாட்டினேன். மாட்டினதும் நல்லா அடிச்சுச்சு. கெட்டிக்காரன்லேன்னு எல்லாரும் சொன்னாவ. ஒண்ணும் ஆகாதுன்னுதான் டீச்சர் நெனச்சேன். சத்தியமா அப்பிடித்தான் நெனச்சேன்.

சாரம்மாள்: அன்னைக்கி?

வன்னியராஜ்: நான் ஆத்துல குளிச்சிட்டு இருந்தேன். மத்தியானம் ஆளு இருக்காதுன்னு போயிருந்தேன். ஜெனரேட்டர் ரூம் சாவி என் அரைஞாண் கயித்துல. வாட்ச்மேன் ஓடியாந்து கரையில நின்னு கத்தினாரு. நான் தண்ணிக்குள்ள முங்கிக் கெடந்தேன்... கேக்கல. ரெண்டாந்தரம் கத்தினப்பதான் கேட்டுச்சு.

சாரம்மாள்: எத்தன நிமிசம்?

வன்னியராஜ்: பதினொண்ணு. முஃபீதான்னு சொன்னியளே, அந்தப் பிள்ளை மணி பாத்துச் சொல்லிச்சு. சொல்லிச் சொல்லி என்னய அடிச்சுச்சு.

சாரம்மாள்: கேட்டதுக்கு இன்னும் நீ பதில் சொல்லல.

வன்னியராஜ்: மோட்டார நிறுத்திட்டு உள்ள குதிச்சேன். முடி வேர் வரைக்கும் சுத்தியிருந்துச்சு. தலை ஜாலியோட ஒட்டி... அவ கை ரெண்டும் ஜாலியப் பிடிச்சிருந்துச்சு டீச்சர். வெரலு ஓட்டைக்குள்ள. அத எடுக்கத்தான் எனக்கு நேரமாச்சு. முடிய வெட்டுனதுக்கு அப்புறமும் கை விடல. மயங்கின ஆளு அப்பிடிப் பிடிக்காது. ஜாலியப் பேத்து எடுக்கப் பாத்திருக்கா. நாலு திருகுல ஒண்ணு லூசாயிட்டு.

சாரம்மாள்: மூணு நகம் பேந்திருந்துச்சு. குளிப்பாட்டும்போது பாத்தேன். தரையில இழுத்துட்டு வந்ததுல ஆச்சுன்னாவ.

வன்னியராஜ்: இல்ல.

சாரம்மாள்: இல்ல.

வன்னியராஜ்: எல்லாரும் அவளத் தூக்கிட்டுக் காருக்கு ஓடினாவ. நான் திரும்பப் போயி ஜாலியக் கழட்டிட்டுப் பழைய மூடிய மாட்டினேன். மேனேஜர் சொன்னாரு, ஆனா அவரு சொல்லாட்டாலும் நான் செஞ்சிருப்பேன். ஜாலிய ஆத்துல வீசிட்டேன். அவ்வளவுதான் டீச்சர். வேற ஒண்ணும் எங்கிட்ட இல்ல. வெளிய வாங்க.

சாரம்மாள்: மொதல்ல இழுத்துச்சு.

வன்னியராஜ்: ஆமா டீச்சர்.

சாரம்மாள்: இந்தா, சாவியப் பிடி. போயி நிறுத்து.

வன்னியராஜ்: நிறுத்திட்டேன். நின்னுட்டு. கையக் குடுங்க... பைய, பைய. படியில வழுக்கும். முடி வந்துட்டா?

சாரம்மாள்: வந்துட்டு. நாலஞ்சு மயிரு உள்ளயே கெடக்கு, கெடக்கட்டும். மணி என்ன?

வன்னியராஜ்: ஒண்ணு இருவத்தஞ்சு.

சாரம்மாள்: அந்த மஞ்சச் சுடிதார எடுத்து உள்ள வச்சிரு... இத நீ ஸ்டேஷன்ல வந்து சொல்லுவியால?

வன்னியராஜ்: சொல்லுதேன்.

சாரம்மாள்: ஒன்னய உள்ள பிடிச்சுப் போடுவான்.

வன்னியராஜ்: போடட்டும். எனக்கும் ஒரு மக பொறந்திருக்கா டீச்சர். தலைக்கு ஊத்திவிடப் பயந்து எம்பொண்டாட்டிட்டயே விட்டுருவேன்... ஆனா எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க.

சாரம்மாள்: என்ன?

வன்னியராஜ்: அவளுக்குப் பொறவியிலயே இருதயத்துல கோளாறு இருந்துச்சுல்லா? வீட்டாளுகளே அப்பிடி எழுதிக் குடுத்திருக்காவன்னு மேனேஜர் ஒரு பேப்பரக் காட்டுனாரு. அதான் மயங்கிட்டான்னாவ. ஜாலி இழுத்தது நெசந்தான். ஆனா நல்ல பிள்ளையா இருந்தா நான் வந்து வெட்டுத வரைக்கும் தாங்கியிருப்பா, அந்தக் கோளாறுலதான் போயிட்டான்னு... அத நெனச்சு நெனச்சுத்தான் மூணு வருசமா நான் சோறு திங்கேன், ஒறங்குதேன். அது நெசந்தான டீச்சர்?

சாரம்மாள்: அவளுக்கு ஒரு கோளாறும் கெடையாது. கல்யாணம் ஆகாத பிள்ளைய போஸ்ட்மார்ட்டம்னு அறுத்துப் போடுவாவ, இப்பிடி எழுதிக் குடுத்தா முழுசாக் கொண்டு போயிரலாம்னு மேனேஜர் சொன்னாரு... அந்தப் பேப்பர எழுதிக் குடுத்தது நாந்தான்.